முதலில் மீட்டர், பிறகு ஸ்பேனர்: பழைய எலெக்-டிராக் மின் டிராக்டரின் பராமரிப்பும் பழுதுபார்ப்பும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1969-இல் ஒரு தோட்ட டிராக்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர் எலெக்-டிராக். பெட்ரோல் இல்லை, கார்பரேட்டர் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. ஆறு 6 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து 36 வோல்ட்டில் ஓடும் வண்டி அது. இ8, இ10, இ12, இ15, இ20 எனப் பல மாடல்கள் வந்தன. 1970களின் நடுவில் ஜெனரல் எலெக்ட்ரிக் இந்தத் தொழிலைக் கைவிட்டது. ஆனாலும் அந்த வண்டிகள் அரை நூற்றாண்டு கடந்து இன்றும் அமெரிக்காவிலும் கனடாவிலும் புல் வெட்டுகின்றன, பனி அள்ளுகின்றன.

இத்தனை காலம் அவை தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் எளிமை. பெரிய காண்டாக்டர்கள், ரெசிஸ்டர்கள், கார்பன் பிரஷ் வைத்த டிசி மோட்டார்கள், தடித்த கேபிள்கள் என எல்லாமே கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, மீட்டரால் அளந்து சரிசெய்யக்கூடியவை. பழைய எலெக்-டிராக்கில் பெரும்பாலான கோளாறுகளுக்கு மூலம் ஒன்றே: மின்னோட்டம் போகும் பாதையில் எங்கோ தேவையற்ற தடை சேர்ந்திருக்கும். தளர்ந்த நட்டு, களிம்பு ஏறிய டெர்மினல், கருகிய காண்டாக்ட், தேய்ந்த பிரஷ் என்று அது எந்த உருவிலும் வரலாம். அந்த இடத்தை அளந்து கண்டுபிடிக்காமல் பாகங்களை வாங்கி மாற்றிக்கொண்டே போனால் பணம் கரையும், கோளாறு அப்படியே இருக்கும். அதனால் பேட்டரியில் தொடங்கி, மின்னோட்டம் போகும் வழியிலேயே நடந்து சக்கரம்வரை செல்வதே இந்த அத்தியாயத்தின் முறை.

வேலைக்கு முன்: பாதுகாப்பு

36 வோல்ட் என்றதும் அலட்சியம் வந்துவிடும். உலர்ந்த கையில் பெரிய ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். ஸ்பேனர் சிவக்கக் காய்ந்து டெர்மினலோடு வெல்டாகிவிடும். கையில் மோதிரம் இருந்தால் விரலே போய்விடும். மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேட்டரிப் பெட்டியைத் திறக்க வேண்டும். பேட்டரி வேலைக்கென்று ஒரு ஸ்பேனரைத் தனியாக எடுத்து, வாய் தவிர மற்ற இடமெல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றி வையுங்கள்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். சார்ஜ் போடும் இடத்தில் கதவும் பேட்டரிப் பெட்டியின் மூடியும் திறந்திருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். ஆசிட் கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒவ்வொரு பேட்டரியும் ஏறக்குறைய 28 முதல் 30 கிலோ எடை. குனிந்து தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். பேட்டரி தூக்கும் வார் வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டாரைச் சோதிக்கும்போது பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தாங்கிகளின் மேல் ஏற்றி, முன்சக்கரங்களுக்கு அண்டைக் கட்டை கொடுங்கள். வெட்டும் கத்திகளுக்குக் கீழே கை போகுமுன் முதன்மை இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். சாவியை அணைத்தால் மட்டும் போதாது.

தேவையான கருவிகள்

டிஜிட்டல் மல்டிமீட்டர், டிசி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர், ஹைட்ரோமீட்டர், கம்பி பிரஷ், டிஸ்டில்டு வாட்டர், ஆப்ப சோடா, மெல்லிய உப்புத்தாள், தடித்த கேபிளுக்கான கிரிம்ப் கருவி ஆகியவை இருந்தால் போதும். வீட்டு ஒயரிங் வேலைக்கான சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசியை மட்டும்தான் காட்டும். வாங்கும்போது டிசியும் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் மாடலுக்கான சேவைக் கையேட்டின் நகல் ஒன்றும் கையில் இருக்க வேண்டும். ஒரு மாடலின் ஒயரிங் படத்தை வைத்து இன்னொன்றைத் திறக்காதீர்கள்.

பேட்டரிகள்

இந்த வண்டிக்குக் கார் பேட்டரி சரிப்படாது. கார் பேட்டரி சில விநாடிகள் பெருமின்னோட்டம் கொடுக்கச் செய்யப்பட்டது; ஆழமாக இறங்கி ஏறுவது அதன் தட்டுகளுக்கு ஆகாது. கோல்ஃப் வண்டிகளில் போடும் 6 வோல்ட் டீப் சைக்கிள் பேட்டரிதான் வேண்டும். ஏறத்தாழ 220 ஆம்பியர்-மணி கொண்ட ஆறு பேட்டரிகள் சேர்ந்தால் பெயரளவில் 8 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் சேமிப்பில் இருக்கும். அதில் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்காமல் வைத்துக்கொண்டால் பேட்டரி நீண்ட காலம் உழைக்கும்.

சார்ஜ் முடிந்து சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரியை அளந்தால், முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 6.37 வோல்ட்டுக்கு அருகே காட்ட வேண்டும். மொத்தம் சுமார் 38.2. பாதிச் சார்ஜில் ஒவ்வொன்றும் 6.05, மொத்தம் 36.3 வோல்ட். இதைவிடத் தெளிவாகச் சொல்வது ஹைட்ரோமீட்டர். முழுச் சார்ஜில் நல்ல செல்லின் திரவ அடர்த்தி 1.265 முதல் 1.277 வரை இருக்கும். பாதிச் சார்ஜில் 1.172 அளவுக்கு இறங்கும். திரவத்தின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும் ஒவ்வொரு 5.5 டிகிரிக்கும் 0.004 கூட்டிக்கொள்ளுங்கள், கீழே போனால் கழித்துக்கொள்ளுங்கள்.

மொத்த வோல்ட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஆறு பேட்டரிகளில் 18 செல்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் பாய்கிறது. ஒரு செல் நோஞ்சானாக இருந்தால், மற்றவை இன்னும் தெம்பாக இருக்கும்போதே அது காலியாகிவிடும். அதற்குப் பிறகும் வண்டியை ஓட்டினால் அந்தச் செல்லின் முனைகள் தலைகீழாகத் திரும்பி, தட்டுகளே கெட்டுவிடும். அதனால் லோடில் அளக்க வேண்டும். கத்திகளை ஓடவிட்டு அடர்ந்த புல்லில் ஒருவர் வண்டியை ஓட்டிக் களைக்கவைத்தபின், வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கத்திகள் சுழலும் நிலையிலேயே இன்னொருவர் ஒவ்வொரு பேட்டரியையும் அளக்கட்டும். ஐந்து 6 வோல்ட்டை ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் 5.2-க்குச் சரிந்தால் குற்றவாளி அதுதான்.

தண்ணீர் விடுவதில் ஒரு ஒழுங்கு உண்டு. தட்டுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் டிஸ்டில்டு வாட்டர் விட்டு, முழுதாகச் சார்ஜ் ஏற்றி, அதற்குப் பிறகுதான் உரிய மட்டம்வரை நிரப்ப வேண்டும். முன்கூட்டியே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது திரவம் பொங்கி வழிந்து, பெட்டியின் இரும்பை அரிக்கும். ஆசிட் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. ஆவியாகிப் போனது தண்ணீர்தான்.

பேட்டரியின் மேல்தளம் ஈரப்பசையாக இருந்தால் மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலில் வைத்து, மறுமுனையை மேல்மூடியின் பிளாஸ்டிக்கில் நகர்த்திப் பாருங்கள். வோல்ட் காட்டினால் ஆசிட் படலத்தின் வழியே மின்சாரம் கசிகிறது. மூடிகளை இறுக்கிவிட்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் நுரை அடங்கும்வரை துடைத்து, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக் கூடாது. பேட்டரிகளை வெளியே எடுத்திருக்கும்போதே அவை உட்காரும் தட்டையும் இதேபோல் கழுவி, துருவைச் சுரண்டி, ஆசிட் தாங்கும் பெயின்ட் அடித்துவிடுங்கள். வண்டியின் இரும்பு அழுகத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

கேபிள்களும் இணைப்புகளும்

அத்தியாயத்தின் மிக முக்கியமான சோதனை இதுதான். இணைப்பு நன்றாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. மீட்டரின் ஓம் அளவும் உதவாது. நாம் தேடும் தடை அதன் பார்வைக்குத் தென்படாத அளவுக்குச் சிறியது. லோடில் வோல்ட் இழப்பை அளப்பதுதான் வழி.

கணக்கைப் பாருங்கள். கேபிள் நுனியில் கிரிம்ப் செய்த செம்பு முனையான லக்கின் இணைப்பு ஒன்றில் 5 மில்லிஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேட்டில் ஏறும்போது 100 ஆம்பியர் பாய்ந்தால் அந்த ஓர் இடத்தில் அரை வோல்ட் தொலைகிறது. 50 வாட் வெப்பம் பிறக்கிறது. ஒரு சிறு சாலிடரிங் அயர்னின் சூடு அது. இப்படி நான்கைந்து இணைப்புகள் இருந்தால் புதுப் பேட்டரி போட்டாலும் வண்டி சோர்ந்துதான் ஓடும்.

அளக்கும் விதம் இப்படி. மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை பேட்டரியின் ஈயப் போஸ்ட்டின் நடுவிலேயே குத்துங்கள். நட்டிலோ லக்கிலோ அல்ல. மறுமுனையை லக்கின் செம்புக் கழுத்தில் வையுங்கள். கத்திகளையோ மோட்டாரையோ லோடில் ஓடவிட்டு, கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரையும் சேர்த்துப் பாருங்கள். 100 ஆம்பியரில் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல இணைப்பு. அடுத்து லக்கின் கழுத்திலிருந்து கேபிளின் செம்புக்குள் அளந்தால் கிரிம்ப் எப்படி என்று தெரியும். ஆறு பேட்டரிகளில் பன்னிரண்டு போஸ்ட்டுகள். பன்னிரண்டையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். அதிகம் காட்டுவதை மட்டும் கழற்றி, கம்பி பிரஷால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே மெல்லியதாக வாசலின் தடவி, மறுபடி அளந்துபாருங்கள். கிரீஸோ வாசலினோ உலோகங்களுக்கு நடுவே போகக் கூடாது. இறுக்கியபின் மேலே பூசுவதற்குத்தான் அது.

கேபிளின் இன்சுலேஷன் லக்குக்கு அருகே உப்பியோ பச்சை பூத்தோ இருந்தால் ஆசிட் செம்புக்குள் ஏறிவிட்டது. அந்தக் கேபிளைச் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

காண்டாக்டர்கள்

பெடலை மிதித்ததும் கேட்கும் ‘டக்’ சத்தம், பெருமின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் காந்தச் சுவிட்சான காண்டாக்டரின் சத்தம். சத்தம் கேட்டும் வண்டி நகரவில்லை என்றால், காயில் வேலை செய்கிறது, உள்ளே காண்டாக்ட் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். மூடிய நிலையில் அதன் இரு பெரிய டெர்மினல்களுக்கு நடுவே வோல்ட் அளந்துபாருங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் காண்டாக்ட் குழிந்து கருகியிருக்கிறது. முழு 36 வோல்ட்டையும் காட்டினால் சேரவே இல்லை.

சத்தமே கேட்கவில்லையா? காயிலின் இரு சிறு டெர்மினல்களில் வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் இழுக்கவில்லை என்றால் காயில் போய்விட்டது. வரவில்லை என்றால் கோளாறு அதற்கு முன்னால்: ஃபியூஸ், சாவி, இருக்கைச் சுவிட்சு, பிரேக் சுவிட்சு. ஐம்பது ஆண்டு பழைய வண்டியில் இந்தச் சிறு சுவிட்சுகளின் காண்டாக்ட் மங்கிப்போவது மிகச் சாதாரணம். சோதனைக்காகச் சுவிட்சைத் தாண்டி ஒயர் போட்டால் வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுங்கள். ஓட்டுபவர் இருக்கையிலிருந்து விழுந்தால் கத்தியை நிறுத்துவதற்கு அமைந்தது இருக்கைச் சுவிட்சு.

காண்டாக்ட்டின் மேல் இருப்பது பெரும்பாலும் வெள்ளிக் கலவை. அதன் கருமையைக் கண்டு அரம் போட்டு ராவாதீர்கள். வெள்ளி போனபின் காண்டாக்ட் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். மேடுகளை மட்டும் மெல்லச் சமன்செய்தால் போதும். காண்டாக்டரை மாற்ற நேர்ந்தால், விடாமல் வேலை செய்யக்கூடிய வகையை, 36 வோல்ட் காயிலோடு வாங்குங்கள். கார் ஸ்டார்ட்டருக்கான ரிலே பார்ப்பதற்கு ஒரேமாதிரி இருக்கும். சில விநாடிக்கு மட்டுமே செய்யப்பட்ட அதன் காயில் எரிந்துவிடும்.

வேகக் கட்டுப்பாடு

வேகத்தின் கீழ்ப்படிகளில், மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சருக்கு முன்னால் ரெசிஸ்டர் நின்று மின்னோட்டத்தை அடக்குகிறது. மேலே போகப் போக ரெசிஸ்டர் விலகுகிறது. அதன்பின், மோட்டாரின் காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலின் மின்னோட்டத்தைக் குறைத்து வேகம் கூட்டப்படுகிறது. ஃபீல்டு வலுவிழந்தால் மோட்டார் வேகமாகச் சுழலும், இழுவை குறையும்.

இதிலிருந்து ஓட்டும் முறைக்கே இரண்டு பாடங்கள் உண்டு. கீழ்ப்படியில் நீண்ட நேரம் ஓட்டினால் பேட்டரியின் மின்சாரம் ரெசிஸ்டரில் வெப்பமாகப் போகும். மெதுவாகப் போக வேண்டுமானால் கியரைக் குறைத்து, வேகப் படியை உயர்த்தி ஓட்டுங்கள். இரண்டாவது, ரெசிஸ்டர்களின் மேல் காய்ந்த புல்லும் எலி கட்டிய கூடும் சேரவிடாதீர்கள். அவை தீப்பிடிக்கும் அளவுக்கு ரெசிஸ்டர் காயும்.

ஃபீல்டு ஒயர் ஒருபோதும் அறுந்த நிலையில் இருக்கக் கூடாது. லோடு இல்லாத மோட்டார் ஃபீல்டை இழந்தால் கட்டுமீறி வேகமெடுக்கும். லோடு இருந்தால் நகராமல் மின்னோட்டத்தைக் குடித்து ஆர்மேச்சரை எரிக்கும். மோட்டாரைத் திரும்ப மாட்டியதும் முதலில் சரிபார்க்க வேண்டியது ஃபீல்டு டெர்மினல்களைத்தான்.

ஓட்டும் மோட்டார்

மோட்டாரின் உடல்நலத்தை, பிரஷ் உரசும் செம்புப் பட்டைகளால் ஆன கம்யூட்டேட்டரின் நிறமே சொல்லும். எங்கும் ஒரே சீராகச் சாக்லேட் நிறம் படிந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். அந்தப் படலம்தான் பிரஷையும் செம்பையும் காக்கிறது. பளிச்சென்ற செம்புக் கோடுகள் தெரிந்தால் பிரஷில் கடினத் துகள் சிக்கியிருக்கும், அல்லது ஸ்பிரிங்கின் அழுத்தம் தவறியிருக்கும். சில பட்டைகள் மட்டும் விளிம்பு கருகி நின்றால் அந்த இடத்தில் ஆர்மேச்சர் காயில் அறுந்திருக்கலாம். ரீவைண்டிங் கடைக்கு அனுப்ப வேண்டிய வேலை அது.

பிரஷ் அதன் கூட்டுக்குள் விரல் பட்டாலே வழுக்கிப் போய்வர வேண்டும். கரித்தூள் அடைத்துப் பிரஷ் சிக்கிக்கொண்டால் தீப்பொறி பறக்கும். தூளைக் காற்றால் ஊதும்போது முகக்கவசம் அணியுங்கள். மோட்டாருக்குள் படிந்த கரித்தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதை அகற்றுவது அழகுக்காக மட்டுமல்ல. புதுப் பிரஷ் போட்டால், கம்யூட்டேட்டரின் மேல் மெல்லிய உப்புத்தாளைச் சொரசொரப்பு வெளியே தெரியும்படி சுற்றி, மோட்டாரைக் கையால் முன்னும் பின்னும் திருப்பி, பிரஷின் முகத்தை வளைவுக்குப் பொருந்தச் செய்யுங்கள். எமரித் தாள் வேண்டாம். அதன் துகள்கள் பட்டைகளுக்கு நடுவே சிக்கினால் ஷார்ட் ஆகும்.

வெட்டும் மோட்டார்கள்

42 அங்குல வெட்டும் தட்டில் மூன்று கத்திகள், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். இது பழுதுபார்ப்பவருக்குப் பெரிய வசதி, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுவிடலாம். கத்திகளைக் கழற்றிவிட்டு மூன்று மோட்டார்களையும் ஓடவிட்டு, ஒவ்வொன்றின் ஒயரிலும் கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள். இரண்டு ஒரே அளவு காட்ட, மூன்றாவது கூடுதலாக இழுத்தால் அதன் பேரிங் இறுகியிருக்கிறது. மூன்றாவது ஒன்றுமே இழுக்காவிட்டால் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது ஒயர் விட்டிருக்கும்.

ஈரப்புல் அடியிலேயே ஒட்டிக் கிடப்பதால் கீழ்ப்பேரிங்தான் முதலில் போகும். வெட்டி முடித்ததும் அடிப்பக்கத்தைச் சுரண்டிவிடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். இவை நிரந்தரக் காந்த மோட்டார்கள் என்பதால் கூட்டைச் சுத்தியலால் தட்டக் கூடாது. காந்தம் உடைந்தால் மோட்டார் வெறும் இரும்பு.

சார்ஜர்

வண்டியோடு வந்த சார்ஜர் ஃபெரோ-ரெசொனன்ட் டிரான்ஸ்ஃபார்மர் வகை, நேரம் வைக்கும் டைமரோடு. உழைப்பாளிதான், ஆனால் பேட்டரி நிறைந்ததா என்று அதற்குத் தெரியாது. டைமர் சொல்லும்வரை ஏற்றிக்கொண்டே இருக்கும். டைமர் சிக்கிக்கொண்டால் பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றிவிடும். திறக்க நேர்ந்தால் சுவர் இணைப்பைப் பிடுங்கியபின்னும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் ஆபத்தான வோல்ட் தேங்கியிருக்கும். ஒரு ரெசிஸ்டர் மூலம் இறக்கிவிட்டு, மீட்டரால் உறுதிசெய்த பிறகே கை வைக்கலாம்.

இந்த வகை டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்கு இசைவாகச் செய்யப்பட்டது. வண்டியை இந்தியா, இலங்கை போன்ற 50 ஹெர்ட்ஸ் நாட்டுக்குக் கொண்டுபோனால் 230 வோல்ட்டை 120 ஆக்கிக் கொடுப்பது மட்டும் போதாது. 36 வோல்ட்டுக்கான புதிய தானியங்கி சார்ஜரை, 20 ஆம்பியர் அளவில் வாங்கிவிடுவதே நல்லது.

லித்தியம் போட விரும்புவோர் 12 லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் செல்களை வரிசையாக இணைக்கிறார்கள், பெயரளவில் 38.4 வோல்ட், முழுச் சார்ஜில் 43.8. செல்களைக் காக்கும் பிஎம்எஸ் பலகையும், அதற்குரிய சார்ஜரும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. பழைய சார்ஜரை இதனோடு இணைக்கவே கூடாது. இன்னொன்று, ஆறு ஈயப் பேட்டரிகளின் 170 கிலோவுக்கு மேற்பட்ட எடைதான் டயருக்குப் பிடிமானம் தந்துகொண்டிருந்தது. அது போனால் மேட்டில் சக்கரம் வழுக்கும். எடை கட்ட வேண்டிவரும்.

குளிர்காலம்

முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியான பேட்டரி மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து, கூடு பிளந்துவிடும். வண்டியை ஓரங்கட்டுமுன் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, முதன்மை இணைப்பைத் துண்டித்து, மாதம் ஒருமுறை அளந்துபாருங்கள். 6.25-க்குக் கீழே போன பேட்டரி இருந்தால் மறுபடி ஏற்றுங்கள்.

கோளாறு கண்டால் எங்கே தொடங்குவது

வண்டி நகரவில்லை, சத்தமும் இல்லை: ஃபியூஸ், முதன்மை இணைப்பு, சாவி, இருக்கை மற்றும் பிரேக் சுவிட்சு, காண்டாக்டர் காயில். இந்த வரிசையில் வோல்ட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

‘டக்’ சத்தம் கேட்டும் நகரவில்லை: காண்டாக்டரின் குறுக்கே வோல்ட், ரெசிஸ்டர், மோட்டார் பிரஷ்.

மேல் வேகத்தில் சரி, கீழ்ப்படியில் நகரவில்லை: ரெசிஸ்டர் அறுந்திருக்கும், அல்லது அதன் டெர்மினல் எரிந்திருக்கும்.

வேகம் கூட்டினால் கூடவில்லை: ஃபீல்டு சுற்றும் வேகக் கட்டுப்பாட்டுச் சுவிட்சும்.

மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை: பெல்ட்டும் கியர்பாக்ஸும்.

பாதி வேலையிலேயே சோர்ந்துவிடுகிறது: லோடில் ஒவ்வொரு பேட்டரியும், அதன்பின் பன்னிரண்டு போஸ்ட்டுகளும்.

குறிப்பேடு

மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டம், டெர்மினல் சுத்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18 செல்களின் அடர்த்தி. ஆண்டுக்கு ஒருமுறை இணைப்புகளின் வோல்ட் இழப்பு, பிரஷ் நீளம், கியர் ஆயில் மட்டம், முன்சக்கர அச்சுகளுக்குக் கிரீஸ். இவற்றை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள்.

ஒரு செல் 1.240 காட்டுகிறது என்றால் அது நல்லதா கெட்டதா என்பதை அந்த எண் தனியாகச் சொல்லாது. போன ஆண்டும் 1.240 என்றால் செல் மேலும் சரியவில்லை. போன ஆண்டு 1.270 என்றால் அந்தச் செல்லைக் கவனிக்க வேண்டும். செய்த நிறுவனம் கைவிட்டு அரை நூற்றாண்டு ஆன வண்டிக்கு அதன் உரிமையாளர்தான் சர்வீஸ் சென்டர். வண்டியை வேறொருவருக்கு விற்கும்போது அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அவர் எங்கே தொடங்க வேண்டும் என்று திகைக்காமல் வேலையைத் தொடர்வார்.